கேஜைச் சரிபார்க்கப் போய் நான் பட்ட பாடு

ஐயான் கேஜ் (வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் வாயுவை அயனியாக்கி அதன் அழுத்தத்தை அளக்கும் கருவி) காட்டும் எண்ணை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருப்பவர்கள், அதை அளவுத்திருத்தத்துக்குக் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இரண்டு மாதம் போனது, ஒரு சென்னைப் பயணமும் வீண்.

காரைக்குடியில் எங்கள் ஆய்வுக்கூடத்து வெற்றிடச் சேம்பர் 5×10⁻¹⁰ டாருக்குக் (டார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. சுவரில் ஒட்டிய ஈரமும் வாயுவும் வெளியேற 150 டிகிரியில் இரண்டு நாள் சுடவைக்கும் பேக்அவுட், அதுவும் இரண்டு தடவை (ஒரு தடவை நடுவில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து). பம்பு நன்றாக இருந்தது, கசிவும் இல்லை. கடைசியில் சந்தேகம் கேஜ் மேல் திரும்பியது. "சரி, கொண்டுபோய் சான்றிதழ் வாங்கிட்டு வா" என்றார் ஆய்வுக்கூடத்து சார்.

எங்களுடையது கண்ணாடி உறையில்லாத நியூட் கேஜ். லேசாக இடித்தாலும் ஃபிலமென்ட் போய்விடும். கூரியரை நம்பாமல், அலுமினியத் தாளில் சுற்றி, கழுவிக் காயவைத்த எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து, விடியற்காலைப் பல்லவனில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட் ஆச்சி "பலகாரமா தம்பி?" என்றார். ஒண்ணுமில்லாததை அளக்கிற கருவி ஆச்சி என்றேன். "அதுக்கா மெட்ராஸ் வரைக்கும்?" என்று சிரித்தார்.

அவர் கேட்டது சரிதான். அளவுத்திருத்தக் கூடத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் சம்புடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கன்ட்ரோலர் எங்கே, கேபிள் எங்கே?" என்றார். முன்பே போனில் கேட்டபோது 'கேஜ் மட்டும் போதும்' என்று சொன்னது இவர்கள்தான்! கடிதத்தில் ஆபீஸ் சீல் இல்லை என்று இன்னொரு குறை. அதே பல்லவனில் திரும்பினேன்.

கோபம் ஆறியதும் யோசித்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எமிஷன் (ஃபிலமென்ட் விடும் எலக்ட்ரான் மின்னோட்டம்) 4 மில்லிஆம்பியர் இருந்தாலும், எங்கள் அழுத்தத்தில் அயனிகளைச் சேர்க்கும் கலெக்டரில் வருவது 20 பிக்கோஆம்பியர் அளவுதான், அதைப் படித்து அழுத்தமாக மாற்றிக் காட்டுவது கன்ட்ரோலர் பெட்டி. ஆகவே மூன்றையும் ஒரே செட்டாகத்தான் கொடுக்க வேண்டும். நியூட் கேஜ் என்றால் அது உட்காரும் குழாயையும் சேர்த்தே கொடுங்கள், ஏனென்றால் சுற்றியிருக்கும் உலோகச் சுவரைப் பொறுத்து உணர்திறன் (ஒரு அலகு அழுத்தத்துக்கு, எமிஷனில் எத்தனை பங்கு கலெக்டரில் வருகிறது என்ற எண்) மாறும். எந்த எமிஷனில் வேலை செய்கிறீர்களோ அதே எமிஷனில் திருத்தம் செய்யச் சொல்லி படிவத்தில் எழுதிவிடுங்கள். இதையெல்லாம் எந்தப் படிவமும் கேட்காது.

இரண்டாவது பயணத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது, உணர்திறன் 0.17 என்று.

புது காப்பர் கேஸ்கட் போட்டு மாட்டி, பேக்அவுட், டீகேஸ் (கேஜையே சூடாக்கி அதில் ஒட்டிய வாயுவை விரட்டுவது) எல்லாம் முடித்தால் பழையபடி அதே 5×10⁻¹⁰. (டீகேஸ் முடித்த கையோடு எண்ணைப் படிக்காதீர்கள், சில மணி நேரம் விடுங்கள்.) கன்ட்ரோலரில் உணர்திறன் 10 என்று இருந்த இடத்தில் 0.17 என்று அடித்தேன். திரையில் 3×10⁻⁸! வயிறு கலங்கிவிட்டது. கசிவைத் தேடிப் பாதி ராத்திரி வரை ஹீலியம் குழாயோடு ஒவ்வொரு ஃபிளாஞ்சாகச் சுற்றினேன். காலையில் எங்கள் டெக்னீஷியன் வந்து சான்றிதழைப் புரட்டிவிட்டு, "அண்ணே, இது பாஸ்கலுக்கு. நம்ம பெட்டி டார்ல கேக்குது" என்றார். ஒரு டார் என்பது 133.3 பாஸ்கல், பெருக்கினால் 22.7. அதை அடித்ததும் 2.2×10⁻¹⁰ வந்தது. அப்போதுதான் விளங்கியது, 10 என்பது முன்பிருந்த கண்ணாடி கேஜுக்கான எண். நியூட் கேஜ் மாற்றியபோது அந்த எண்ணை யாரும் தொடவில்லை. நான் உட்பட.

பணியாரம் வாங்கிக் கொண்டாடினோம். மத்தியானம் வரைதான். எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்டிப் பார்த்தால் சேம்பரில் மிச்சமிருப்பது கிட்டத்தட்ட முழுக்க ஹைட்ரஜன். ஸ்டீல் சேம்பரில் பேக்அவுட்டுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும். கேஜ் காட்டுவதோ நைட்ரஜன் கணக்கு. ஹைட்ரஜனுக்கு அதன் உணர்திறன் 0.46 பங்குதான், அதனால் வகுக்க வேண்டும்: 4.8×10⁻¹⁰. ஆக, தப்பான செட்டிங்கும் தப்பான வாயுவும் சேர்ந்து இத்தனை நாளும் கிட்டத்தட்ட சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன! சார் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை: எங்கள் சான்றிதழ் 10⁻⁵ பாஸ்கலோடு நின்றுவிட்டது, நாங்கள் வேலை செய்வது அதற்கும் நூறு மடங்குக்கு மேல் கீழே. அதே உணர்திறன் அங்கேயும் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் ஓட்டுகிறோம். எக்ஸ்ரே வரம்பு (கேஜுக்குள்ளேயே உண்டாகும் எக்ஸ்ரேயால் வரும் பொய் மின்னோட்டம், அதற்குக் கீழே கேஜால் அளக்க முடியாது) 10⁻¹¹ டார் பக்கம் இருப்பதால் எங்களுக்குத் தொந்தரவில்லை. அதை நெருங்கினால் இந்த வகை கேஜ் காட்டுவதை நம்பாதீர்கள்.

கன்ட்ரோலர் மேல் '22.7, டாருக்கு, நைட்ரஜன், 4 மில்லிஆம்பியர்' என்று எழுதி ஒட்டியாயிற்று. அடுத்த தடவைக்காகச் சீல் போட்ட கடிதமும் சம்புடத்துக்குள் தயாராக இருக்கிறது.