சமாதானத்துக்கு 30 வினாடி

கார்ட்டூன் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு போடுவது என் வேலை. ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும், எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, முகம் எப்படி மாறுகிறது, ஒரு ஷாட் எத்தனை வினாடி ஓடுகிறது என்று எல்லாவற்றையும் முதலில் கோடுகளாகப் போட்டுப் பார்ப்பவர்கள் நாங்கள். அனிமேட்டர் கைக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வேலை என்று சொன்னதுமே, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இப்போது வரும் கார்ட்டூனில் நல்லது கெட்டது என்று ஏதாவது சொல்லித்தருகிறீர்களா, இல்லை வெறும் கத்தலும் ஓட்டமும்தானா? கேட்கும் விதத்திலேயே பதிலும் இருக்கும். நாங்கள் பார்த்தபோது நன்றாக இருந்தது, இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது என்று.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீதி காணாமல் போகவில்லை, சொல்லப்போனால் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கான தொடர்களில் அது நிறையவே இருக்கிறது. என் கவலை வேறு. ஒரு எபிசோடில் அந்த நீதிக்கு எத்தனை வினாடி கொடுக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் குழந்தை மனதில் எடுத்துக்கொண்டு போவது கடைசி வசனத்தை அல்ல, திரையில் எது அதிக நேரம் நடந்ததோ அதைத்தான்.

'அந்தக் காலம்' என்று சொல்கிறோமே, அதை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடலாம். 1940-ல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடுவதற்காக எடுக்கப்பட்டது; பார்வையாளர் பெரியவர்களும்தான், நீதி சொல்வது அதன் நோக்கமே இல்லை. 1983-ல் வந்த ஹீ-மேன் தொடரை எடுத்துக்கொண்டால், பொம்மை முதலில் கடைக்கு வந்தது, தொடர் அதற்குப் பின்னால்தான். கதை முடிந்ததும் ஒரு பாத்திரம் நம்மைப் பார்த்து நின்று, இன்றைய கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று பேசும். 1985-ல் ஜி.ஐ. ஜோவிலும் கடைசியில் இப்படி ஒரு அறிவுரைத் துண்டு உண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் வாளும் துப்பாக்கியும், அப்புறம் கொஞ்ச நேரம் நல்லொழுக்கம். அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், வாளைத் தூக்கிப் பிடிக்கும் காட்சியை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள், அறிவுரை ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.

சரி, இப்போது எங்கள் மேஜைக்கு வருகிறேன். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு 11 நிமிடக் கதைகள் இரண்டு என்பது தொலைக்காட்சியில் ரொம்ப நாளாக இருக்கும் அளவு. முதல் நிமிடத்தில் யாருக்கோ ஏதோ ஒரு ஆசை வரும், அதிலிருந்து ஒரு பொய்யோ பொறாமையோ கிளம்பும், அது பெரிதாகி, இன்னும் பெரிதாகி, ஒன்பதாவது பத்தாவது நிமிடம் வரைக்கும் போகும். அது வளர வளரத்தான் சிரிப்பும் வேகமும் கூடும், வரையவும் அதுதான் சுகம், கையெல்லாம் தானாக ஓடும். ஆனால் மன்னிப்புக் கேட்பதை வரைவது கஷ்டம். இரண்டு பாத்திரம் எதிரெதிரே நிற்கிறது, ஒன்று தலை குனிகிறது, மற்றதுக்குக் கோபம் இன்னும் போகவில்லை, அந்த இடைவெளியில் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணையும் தோளையும் வைத்து மட்டும் காட்டியாக வேண்டும். அதனால் ஸ்கிரிப்டிலேயே அது சுருங்கிவிடுகிறது. ஒரு சாரி, ஒரு பரவாயில்லை, கட்டிப்பிடித்தல், ஒரு ஜோக், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும். போர்டில் கூட்டிப் பார்த்தால் 30 வினாடியைத் தாண்டுவதே அபூர்வம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது குழந்தைகளுக்கு அனிமேட்டிக் போட்டுக் காட்டும்போதுதான். போர்டு படங்களைக் குரலோடு கோத்து, நேரக் கணக்கோடு ஓடவிடும் முதல் வடிவத்துக்குத்தான் அனிமேட்டிக் என்று பெயர். ஒரு கதையில் ஒரு முயல் இன்னொரு முயல்மேல் கோபத்தில் மற்றவர்களிடம் போய், அவளை நம்ம ஆட்டத்துல சேர்க்காதீங்க என்று சொல்லும். கடைசியில் எல்லோரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள், பிரித்துவைப்பது தப்பு என்பதுதான் கதையே. ஓடி முடிந்து விளக்குப் போட்டதும், முன்வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "உன்னை எங்க ஆட்டத்துல சேர்க்க மாட்டோம்" என்றாள். அதே குரல், அதே தலைச் சாய்ப்பு, நாங்கள் வரைந்த அதே புருவம். கடைசியில் என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, "பேசிட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, பத்து நிமிடம் நாங்கள் காட்டியதை அவள் கச்சிதமாகப் படித்துவிட்டாள்.

இது எங்கள் அறையில் மட்டும் நடந்த சங்கதி அல்ல. ஜேமி ஆஸ்ட்ரோவ், டக்ளஸ் ஜென்டைல், நிக்கி கிரிக் என்ற மூவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த மழலைப் பருவக் குழந்தைகளிடம் ஒதுக்கிவைப்பது, 'உன்னோடு பேச மாட்டேன்' என்று மிரட்டுவது போன்ற நடத்தை கூடுதலாக இருந்தது. நல்ல நிகழ்ச்சி என்று நம்பிப் போட்டுவிடும் வகையைத்தான் சொல்கிறேன். தகராறு கதை முழுக்கப் பரவியிருக்க, தீர்வு கடைசியில் சட்டென்று வந்து போவதுதான் காரணமாக இருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். மேரி லூயிஸ் மாரெஸ், எமிலி அகோஸ்டா இருவரும் 2008-ல் செய்தது இன்னொன்று. கிளிஃபோர்ட் என்ற சிவப்பு நாய்த் தொடரில், மூன்று கால் நாய் ஒன்றைக் கண்டு முதலில் பயந்து ஒதுங்கும் மற்ற நாய்கள் பிறகு நட்பாகின்றன. வித்தியாசமாக இருப்பவரை ஒதுக்காதே என்பது நோக்கம். குழந்தைகளிடம் கேட்டபோது, பொதுவான அந்தக் கருத்தைப் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதோடு பலர் நின்றுவிட்டார்கள். ஐந்து வயதில் நாயிலிருந்து மனிதனுக்குத் தாவுவது பெரிய தாண்டல், அதைத் தானாகவே தாண்டிவிடும் என்று எழுதுகிறவர்கள் நாம் எதிர்பார்க்கக் கூடாது.

தண்டனையைக் காட்டி பயமுறுத்தினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு காங் லீ குழுவினர் 2014-ல் செய்த ஆய்வைச் சொல்வேன். பார்க்காதே என்று சொன்ன பொம்மையை எட்டிப் பார்த்த குழந்தைகளுக்கு ஆளுக்கொரு கதை படித்துக்காட்டிவிட்டு, பார்த்தாயா என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினாக்கியோ கதையும் ஓநாய் வருது என்று கத்திய பையன் கதையும் உண்மை பேசுவதைக் கூட்டவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கும் கதை மட்டும் கூட்டியது. உண்மையைச் சொல்வது எப்படி இருக்கும், சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதை அந்தக் கதை மட்டும்தான் காட்டுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், நல்ல செயலுக்கு அங்கே திரை நேரம் கிடைத்திருக்கிறது.

அந்த வகையில் பார்த்தால், இன்றைய தொடர்களில் சிலவற்றைத் தயங்காமல் பாராட்டுவேன். 2012-ல் தொடங்கிய டேனியல் டைகரில், கோபம் வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு குட்டிப் பாட்டாக்கி, அந்தப் பாட்டை ஒரே கதையில் பலமுறை வெவ்வேறு நிலைமையில் வைக்கிறார்கள். அங்கே சமாளிக்கும் முறைதான் கதை, தகராறு அதற்கு ஒரு சாக்கு. 2018-ல் வந்த ஆஸ்திரேலியத் தொடர் புளூயி ஏழு நிமிடம்தான், ஆனால் அப்பா அம்மாவும் தடுமாறுவார்கள், யோசிப்பார்கள், தங்களைத் திருத்திக்கொள்வார்கள், அறிவுரை என்று யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. 1996-ல் புளூஸ் க்ளூஸ் தொடங்கியபோது கேள்வி கேட்டுவிட்டு குழந்தை பதில் சொல்லும்வரை திரை காத்திருக்கும். ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள், திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் பிள்ளைகள் கூடுதலாகப் பங்கெடுத்தார்கள் என்பதால். இன்றைக்கு இப்படி ஒரு இடைவெளியைப் போர்டில் வைத்தால், இங்கே தொய்வாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்ற குறிப்புதான் முதலில் வரும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. ஏஞ்சலின் லிலார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011-ல் 60 நான்கு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், 9 நிமிடம் ஸ்பாஞ்ச்பாப் என்ற வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள், மெதுவான கார்ட்டூன் பார்த்தவர்களையும் படம் வரைந்தவர்களையும் விட, தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பணிகளில் பின்தங்கினார்கள். முதல் தொடரில் சுமார் 11 வினாடிக்கு ஒருமுறை காட்சி முழுதாக மாறியது, மற்றதில் 34 வினாடி. பார்த்த உடனே அளந்ததுதான், நிரந்தரப் பாதிப்பு என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் பொறுமையைச் சொல்லித்தரும் ஒரு கதையைப் பொறுமையில்லாமல் வெட்டி வெட்டிக் காட்டினால் அது எந்தப் பாடத்தைத் தரும் என்பதை நாங்கள் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. முன்பு கதைகள் கீழ்ப்படி, பொய் சொல்லாதே என்றன. இப்போது உன் மனதைப் புரிந்துகொள், பயம் வந்தால் மூச்சை இழுத்து விடு என்கின்றன. இது பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் என்னால் காயப்பட்டவனுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம் மெலிந்து வருகிறது. உடைத்தவன் தன் சோகத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறான், உடைந்த பொம்மை யாருடையதோ அவன் பல எபிசோடுகளில் ஃபிரேமிலேயே இருப்பதில்லை.

முயல் கதையைத் திரும்பப் போர்டு போட்டபோது நான் கேட்டது இதைத்தான். ஒதுக்கப்பட்ட முயல் தனியாக விளையாட முயன்று முடியாமல் போவதை ஒரு நீள ஷாட்டாக வைக்கலாம், ஆறாவது நிமிடத்திலேயே சமாதான முயற்சி தொடங்கட்டும், முதல் முயற்சி தோற்கட்டும், அப்புறம் இன்னொன்று. இயக்குநர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சிரிப்பு குறையும், பரவாயில்லையா?" என்றார். "சமாதானம் பண்ணத் தெரியாமல் திணறுவதும் சிரிப்புதான் சார்" என்றேன், வரைந்தும் காட்டினேன். 'சேர்க்காதீங்க' வசனம் ஒரே ஒரு முறை, அதுவும் தூர ஷாட்டில், முகம் தெரியாமல். அடுத்த முறை போட்டுக் காட்டியபோது குழந்தைகள் சிரித்தது, ஒதுக்கிவைத்த முயல் பெரிய மன்னிப்புக் கடிதத்தைச் சுமந்துகொண்டு தடுக்கி விழுந்த இடத்தில். ஒரு பையன் எழுந்து நின்று, "இன்னொரு தடவை போய்க் கேளு" என்று திரையைப் பார்த்துச் சொன்னான்.

பெற்றோர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. எரிக் ராஸ்முசன் குழுவினர் 2016-ல் டேனியல் டைகரை வைத்து 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தபோது, பரிவு போன்ற பலன்கள் தெரிந்தது, பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகப் பேசும் வீடுகளில்தான். ஆனால் ஒரு கதை முடிந்த சில வினாடிக்குள் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது, பேசுவதற்கு இடமே இல்லை. அதனால் அந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவிடுங்கள். கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்க வேண்டாம், பள்ளிப் பரீட்சை மாதிரி ஆகிவிடும். அந்த முயல் ஏன் அழுதது, நீயாக இருந்தால் அதற்கு என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். பதில் உளறலாக இருந்தாலும் குறுக்கிடாமல் கேளுங்கள்.