அந்தியூர் சந்தையில் இரண்டு வெள்ளைக் குதிரைகள்

ஆடி மாதம் பவானியில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தியூர் தேருக்குங்களா?" என்பதுதான். அந்தியூரை ஒட்டியிருக்கும் புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா. தேரோடு சேர்ந்து மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். ஊர்ப் பேச்சு, அப்படியே வைத்துக்கொள்வோம். நான் சாமியைக் கும்பிட்டுவிட்டு, ராட்டினம், மிளகாய் பஜ்ஜி எல்லாவற்றையும் தாண்டி நேராகக் குதிரைப் பக்கம் போய்விட்டேன். கொள்ளு வேகும் வாசனையும் லத்தி வாசனையும் வழி காட்டிவிடும்.

எந்தச் சீமைக் குதிரை என்று தெரிந்துகொள்ள முதலில் காதைப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானத்து மார்வாரிக்கும் குஜராத்துக் கத்தியவாரிக்கும் காது உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி தொடும். உலகத்தில் இப்படிக் காது உள்ள குதிரைகள் ரொம்பக் குறைவு. சத்தம் வரும் பக்கம் அந்தக் காது தனித்தனியாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 1576இல் ஹல்திகாட்டிப் போரில் மேவார் ராஜா ராணா பிரதாப்பைச் சுமந்த சேத்தக் என்ற குதிரை எங்கள் இனம்தான் என்று மார்வாரிக்காரர்களும் சொல்கிறார்கள், கத்தியவாரிக்காரர்களும் சொல்கிறார்கள். காதை வைத்து அந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

நிறம் கொஞ்சம் உதவும். கத்தியவாரியில் கருப்பு கிடையாது. அதன் அடையாளம் மண் நிறம்: பிடரியிலிருந்து வால் வரை முதுகுத்தண்டு மேலே ஒரு கருங்கோடு, சிலவற்றுக்கு முழங்காலுக்கு மேல் வரிக்குதிரை மாதிரி மெல்லிய பட்டைகளும் இருக்கும். அப்படி ஒன்று வேப்ப மரத்தடியில் கட்டியிருந்தது. முதுகுக் கோட்டை யாரோ கரி தொட்டு இழுத்திருப்பார்களோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். கோடு அழியவில்லை, குதிரைதான் முறைத்தது.

மார்வாரியில் கருப்பு உண்டு. ஆனால் ராஜஸ்தானத்தில் அந்தக் காலத்தில் கருப்பை அபசகுனமாக நினைத்தார்கள். இந்தச் சந்தையில் என்னவென்றால், பெருங்கூட்டம் நின்றதே ஒரு கன்னங்கரேல் மார்வாரியைச் சுற்றித்தான். எண்ணெய் தேய்த்து மினுக்கி, நெற்றியில் குஞ்சம் கட்டி, பறை அடிக்கு ஏற்ப முன்காலைத் தூக்கித் தூக்கி ஆட வைத்தார்கள். செல்போன் வந்த பிறகு சகுனமெல்லாம் யாருக்கு வேண்டும்? வீடியோவில் கருப்பு எடுப்பாக இருக்கிறது.

இனி வெள்ளைக்கு வருகிறேன். இதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

வரிசையில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளைக் குதிரைகள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. விலை கேட்டால் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும் வித்தியாசம். ஏன் என்று கேட்டதும், துண்டைத் தலையில் கட்டியிருந்த பெரியவர் சிரித்தார். "வெள்ளையில ரெண்டு வெள்ளை இருக்குதுங்க தம்பி. தோலைப் பாருங்க." முதல் குதிரையின் கழுத்து மயிரைக் கட்டை விரலால் எதிர்ப்பக்கம் தள்ளினார். அடியில் தோல் சாம்பல் கலந்த கருப்பு. மூக்கும் உதடும்கூடக் கருப்புதான். அடுத்ததற்கு அதே மாதிரி மயிரை ஒதுக்கினார். தோல் குழந்தையின் உள்ளங்கை போல ரோஜா நிறம். மூக்கு, உதடு, கண்ணோரம் எல்லாம் அதே நிறம். "இதுதானுங்க நுக்ரா. அது நரைச்ச வெள்ளை."

அவர் சொன்னது அறிவியலோடு அப்படியே பொருந்துகிறது. முதல் ரகம் பிறக்கும்போது கருப்பாகவோ செவலையாகவோ இருக்கும். வருஷம் ஏற ஏற மயிர் மட்டும் நரைக்கும், தோல் மாறாது. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008இல்தான் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குட்டி பின்னால் நரைத்துவிடும். அதே மாற்றம்தான் வயதான குதிரைகளின் வாலடியில் வரும் கருங்கட்டிகளுக்கும் காரணம். வாங்கப் போகிறவர்கள் வாலைத் தூக்கிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. வியன்னாவில் இசைக்கு ஆடும் லிப்பிசானர் குதிரைகளும் இந்த ரகம்தான். இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் லிப்பிட்சா பண்ணையில் 1580இல் தொடங்கிய இனம் அது. குட்டிகள் பிறக்கும்போது கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும், முழுக்க வெளுக்க ஆறிலிருந்து பத்து வருஷம் ஆகும்.

நுக்ரா அப்படியல்ல, பிறக்கும்போதே வெள்ளை. பஞ்சாப் பக்கம் அதற்கு மவுசு அதிகம், கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தேடிப் பிடிப்பார்கள். ரோஜாத் தோல் வெயில் தாங்காது என்பதை மட்டும் யாரும் சொல்லி விற்பதில்லை. ஆடி வெயிலில் அதை நிழலில் கட்டாமல் வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது.

அரபுக் குதிரை என்று சொல்லிக் காட்டியவற்றில் பாதியை நான் நம்பவில்லை. நெற்றிக்குக் கீழே முகம் உள்வாங்கியிருக்க வேண்டும், ஓடும்போது வால் நிமிர வேண்டும். அது இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் விலை ஏறும், அவ்வளவுதான். ஆனால் அரபுக் குதிரை மோகம் நமக்குப் புதிதில்லை. கடல் வழியே வந்த குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் நின்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். வந்தவை இங்கே தங்கவில்லையாம். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுத்தார்கள், பார்க்கத் தெரிந்த வைத்தியரும் இல்லை, குதிரை செத்தது, அடுத்த வருஷம் மறுபடி வாங்கினார்கள். லாடம் அடிக்கத் தெரிந்தவனைக்கூட வியாபாரிகள் வேண்டுமென்றே கூட்டிவரவில்லை என்கிறார். அசல் வியாபாரி மூளை!

விலை பேசும் இடத்தில் இனம், நாடு எல்லாம் பின்னால் போய்விடுகிறது. முதல் கேள்வி "சுழி சுத்தமுங்களா?" நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று மயிர் சுழியும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சுழி இருந்தால், எந்த ராஜ பரம்பரைக் குதிரையானாலும் ஆள் நகர்ந்துவிடுகிறார். அதற்கு நேர் எதிர் பஞ்சகல்யாணி. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் விலை சொல்பவரின் குரலே மாறுகிறது. எனக்கு சுழியில் நம்பிக்கை இல்லை, வாயைத் திறந்து பல் பார்ப்பதில் நம்பிக்கை உண்டு. வயதை அது ஓரளவு சொல்லிவிடும். குளம்பைத் தூக்கிப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு ரேக்ளாக்காரர் மட்டும் நாலு குளம்பையும் தட்டிப் பார்த்தார், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டு போனது ஒரு சாதாரணச் செவலை மட்டக்குதிரை.

போகிறவர்களுக்கு ஒன்று: காலையிலேயே போய்விடுங்கள், ஓட்டிக் காட்டுவது அப்போதுதான். குதிரைக்குப் பின்னால் நிற்காதீர்கள். மாட்டுப் பக்கத்தில் செவலையில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகள் வரிசையாக நிற்கும். எனக்கு அங்கே போக நேரமே கிடைக்கவில்லை, கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.