பதிவு தூக்கப்பட்டால் என்ன செய்யலாம்

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐயும் ஒட்டி வன்னியிலிருந்து போடப்படும் பேஸ்புக் பதிவுகள் கொத்தாகக் காணாமற்போவது புதிதல்ல. "எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடிச்சிட்டாங்கள்" என்ற பேச்சுத்தான் உடனே கிளம்பும். எத்தனை பேர் ரிப்போர்ட் அடித்தார்கள் என்பதை வைத்துத் தாங்கள் முடிவெடுப்பதில்லை என்கிறது பேஸ்புக்கின் தாய்நிறுவனமான மெற்றா. ஆகவே நீங்கள் ஒன்றை ரிப்போர்ட் செய்வதானாலும், ஆள் திரட்டுவதை விடச் சரியான காரணத்தைத் தெரிவுசெய்வதே பயன்தரும். உங்கள் படத்தை வைத்து உதவிப்பணம் கேட்கும் போலிக் கணக்கென்றால், பதிவை விட்டுவிட்டு அந்தக் கணக்கையே ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். முதலில் அதன் இணைப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். ரிப்போர்ட் செய்தவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது. பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்து முறைப்பாட்டில் மட்டும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகும்.

நினைவுப் பதிவுகள் ஏன் போகின்றன? விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அப்படிப்பட்ட அமைப்புகளைப் புகழ்வதையும் ஆதரிப்பதையும் மெற்றா நீக்கும்; செய்திக்கும் நடுநிலையான பேச்சுக்கும் கண்டனத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. நோக்கம் விளங்காவிட்டால் நீக்கிவிடும். அதனால் ஒரு சொல்லும் இல்லாமல் வெறும் படத்தைப் போடுவதுதான் ஆக மோசம். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டத்தைப் பகிர்கிறீர்களா? என்ன நிகழ்வு, எங்கே, என்றைக்கு, என்ன கேட்கிறார்கள் என்பதை முதலிரண்டு வரிக்குள் எழுதிவிடுங்கள். முறையிடும்போது விளக்கம் எழுத இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. (பேஸ்புக் விட்டுவைத்ததை இலங்கைச் சட்டமும் விட்டுவைக்கும் என்றில்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது இணையப் பதிவுகள் பற்றிய சட்டம், வேறு விசயம்.)

நீக்கிய அறிவித்தல் வந்ததும் ஸ்கிரீன்சொட் எடுத்துவிட்டு மீளாய்வு கேளுங்கள். கணக்கே முடக்கப்பட்டிருந்தால் 180 நாள் அவகாசம். இங்கே பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: கணக்கைத் திறந்து தந்தது கொமினிகேசன் கடைப் பொடியன், மின்னஞ்சல் அவனுடையது, பிறந்த திகதி அவன் வாய்க்கு வந்தது. உறுதிப்படுத்தும் குறியீடு அவனுக்குப் போகும், அடையாள அட்டையும் பொருந்தாது. கணக்கு நன்றாக இருக்கும்போதே இதைத் திருத்தி வையுங்கள்.

மீளாய்விலும் தோற்றால் ஒரு குறிப்பு இலக்கம் தருவார்கள். அதைக் கொண்டு 15 நாளுக்குள், மெற்றாவின் முடிவுகளைத் தனியே மீளாயும் மேற்பார்வைச் சபைக்குப் போகலாம். எடுக்கும் வழக்குகள் மிகக் குறைவு. ஆனால் அந்தப் பதிவைப் பொறுத்தவரை அதன் தீர்ப்பு மெற்றாவைக் கட்டுப்படுத்தும். 2021இல், துருக்கியில் சிறையிலிருக்கும் குர்திஷ் தலைவர் ஒஜலானின் (அவருடைய அமைப்பும் அப்படிப் பட்டியலிடப்பட்டதுதான்) தனிமைச் சிறை பற்றிய பதிவொன்றைச் சபை எடுத்தபோது, அத்தகைய பேச்சை அனுமதிக்கும் உள்விதி ஒன்று 2018இலிருந்து மெற்றாவின் கையிலிருந்தே தவறிப்போயிருந்தது வெளிவந்தது. நீக்கியவர்களிடமும் பிழை இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

யூரியூப்பில் சங்கதி வேறு. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலை நீங்களே படம்பிடித்திருக்கலாம். ஒலிபெருக்கியில் போன பாட்டு உங்களுடையதல்ல. அதற்கு வருவது பெரும்பாலும் பாட்டுக்காரரின் உரிமைக் கோரல்தான், கணக்கின் மேல் தண்டனையாக விழும் ஸ்ட்ரைக் அல்ல. "நான்தான் எடுத்தேன்" என்று மறுப்பதை விட, யூரியூப் ஸ்ரூடியோவில் பாட்டை மட்டும் மௌனமாக்கிவிடுங்கள். மறுத்தால் பதில் சொல்லக் கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதிப்புரிமை ஸ்ட்ரைக்குக்கு எதிர் அறிவித்தல் அனுப்பினால் உங்கள் முழுப்பெயர் அவர் கைக்குப் போகும், யோசித்து அனுப்புங்கள்.

பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரருக்குப் பிடி கொஞ்சம் கூட. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும், முறையிட ஆறு மாதம் விடவேண்டும், வெளியே பிணக்குத் தீர்க்கும் அமைப்பிடமும் அவர்கள் போகலாம். வன்னியில் இருந்துகொண்டு நாம் போடுகிற பதிவுக்கு அந்தச் சட்டம் வராது.