ஊசியா, பயிற்சியா?

"அப்போ நீங்க செஞ்சதும் அப்படித்தானா தம்பி?" என்று, தோள் மூட்டு இறுகிப்போய் (ஃப்ரோசன் ஷோல்டர்) என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த அக்கா கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே இன்னும் நிறைவாக இல்லை.

தாராவி 90 அடி ரோட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவர். சர்க்கரை உண்டு. தலை பின்ன முடியவில்லை, வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றுதான் வந்தார். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் 20 டிகிரிக்கு மேல் போகாது. ஒத்தடம், தோள் மூட்டைப் பிடித்து அசைத்துவிடுவது, வீட்டில் கம்பு வைத்துப் பயிற்சி என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் செம்பூரில் அக்குபங்சர் செய்துகொண்டார். முழங்காலுக்குக் கீழே ஊசியைக் குத்திவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னார்களாம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாராம்.

முதலில் காலைத்தான் பார்த்தேன். சர்க்கரைக்காரர் காலில் சின்னப் புண்ணும் பெரிதாகிவிடும். புண் எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரை வைத்தேன். 25. அளக்கும் கை கொஞ்சம் பிசகினாலே அந்த ஐந்து டிகிரி வந்துவிடும். "தோள் தானா இளகுற நேரம் அக்கா, ஊசி குத்தாட்டியும் வலி குறைஞ்சிருக்கும்" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. "பயிற்சி இல்லாம அசைவு முழுசா வராது" என்று சமாளித்தேன்.

சொன்னது பொய்யில்லை. வலி, இறுக்கம், இளக்கம் என்று இதற்கு மூன்று கட்டம். ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை இழுக்கும். பலருக்குத் தானாகவே பெருமளவு சரியாகும், சிலருக்குப் பிடிப்பு தங்கிவிடும். ஆனால் தானாகவே சரியாகும் என்ற அந்தக் கணக்கை ஊசிக்கு மட்டும் போட்டேனே, என் கைவேலைக்குப் போடவில்லையே! அக்குபங்சரை, குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலி ஊசியோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது தெரியும். மூட்டைப் பிடித்து அசைப்பதற்குப் போலி வைத்து ஒப்பிடுவது அவ்வளவு எளிதில்லை என்பதும் தெரியும். எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பே 2016-ல் கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021-ல், வேறு நோயால் வந்ததென்று சொல்ல முடியாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது.

இன்னொன்றும் இருக்கிறது. தூக்கம் வந்தபிறகுதான் அக்கா பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். அதற்கு முன் கம்பைத் தொடவே பயந்தவர் அவர். அந்தத் தூக்கம் எதனால் வந்திருந்தால் என்ன?

இப்போதெல்லாம் முதல் நாளே மூன்று கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் நேர்மை என்று நம்புகிறேன். "தானா சரியாகும்னா எதுக்கு சார் காசு?" என்று எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களில் சர்க்கரைக்காரர்களும் இருந்தார்கள். பிடிப்பு தங்கிவிடும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் கூடுதல். அவர்களிடம் மட்டுமாவது கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால் அக்காவின் கேள்விக்கு மறுபடி என்ன பதில் சொல்வேன்?