இசைக்கு வேலை இருக்கும் ஊர்

ஜாஸ் இசை பிறந்த ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் என்றதும் பலருடைய நினைவுக்கு வருபவை மது விடுதிகளும், 1897 முதல் 1917 வரை அந்நகராட்சியே எல்லை வகுத்து அனுமதித்திருந்த ஸ்டோரிவில் என்னும் விலைமாதர் பகுதியும்தான். கதை சொல்ல வசதியான பின்னணி அது. ஆனால் அந்த ஊரின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் படித்தால், சாவு வீடுகளும் தெரு ஊர்வலங்களும் இந்த இசைக்குச் செய்ததில் பாதியைக்கூட அந்த விடுதிகள் செய்யவில்லை என்பது புலப்படும். கோவைப் பக்கம், மாரியம்மன் நோம்பி வந்தால் கம்பத்தைச் சுற்றி இரவு முழுக்க ஆடும் ஊர்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இதில் பெரிய வியப்பில்லை. மேடை என்று ஒன்று வருவதற்கு முன்பே இசைக்கு ஊரில் ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்பதை நாம் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஊரின் கறுப்பின மக்கள், மாதச் சந்தா கட்டிச் சேரும் உதவிச் சங்கங்களை ஏராளமாக வைத்திருந்தார்கள். உறுப்பினர் நோயில் விழுந்தால் மருத்துவச் செலவையும், இறந்தால் அடக்கச் செலவையும் சங்கம் ஏற்கும். அடக்கம் என்றால் பேண்டு செட்டும் அதில் சேர்த்தி. ஆகவே பகலில் சுமை தூக்கியோ சுவர் பூசியோ பிழைத்த ஒருவருக்கு, கார்னெட் என்னும் ஊதுகருவி வாசிக்கத் தெரிந்திருந்தால் அதற்கும் கூலி கிடைத்தது. இதே காலத்தில்தான், நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறிக் கைதான ஹோமர் பிளெசியின் வழக்கில் 1896இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இனப் பிரிவினைக்குச் சட்டத்தின் முத்திரையைக் கொடுத்தது. அதுவரை ஓரளவு சலுகையோடு வாழ்ந்த கிரியோல் கலப்பினக் குடும்பங்களும் கறுப்பினத்தவராகவே நடத்தப்பட்டதால், ஏடு பார்த்து வாசிக்கப் பயின்றவர்களும் காதால் கேட்டே வாசித்தவர்களும் ஒரே பேண்டில் நிற்க வேண்டி வந்தது. துன்பத்திலிருந்து கலை மலர்ந்தது என்று இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேர்ந்து பிழைத்தாக வேண்டியிருந்தது, சேர்ந்து வாசித்தார்கள்.

அந்தத் தலைமுறையின் பெரும் புகழாளரான கார்னெட் கலைஞர் பட்டி போல்டனின் வாசிப்பில் ஒரு வரிகூட நமக்கு ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. 1907இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவர் 1931இல் அங்கேயே இறந்துபோனார். 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்த பேண்டில் கார்னெட் வாசித்துத் தேர்ந்தவர். 1922இல் அவரும் சிகாகோவுக்குப் போய்விட்டார்.

ஹூஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமாவை வற்புறுத்திக் காரிலேயே அந்த ஊருக்குப் போனோம். (அங்கே காப்பியில் சிக்கரி கலக்கிறார்கள்; அந்த ஒரு விஷயத்தில் நமக்கு அந்நியம் தெரியாது.) ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஜூன் வரை பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சங்கத்தின் ஊர்வலம் நடக்கும். முன்னால் ஒரே நிற உடையில் சங்கத்தாரும், அவர்களை ஒட்டிப் பேண்டும் செல்ல, பின்னால் யார் வேண்டுமானாலும் ஆடிக்கொண்டே சேர்ந்துகொள்ளலாம். இந்தப் பின்கூட்டத்தைத்தான் செகண்ட் லைன் என்கிறார்கள்.

நான் கண்ணை எடுக்காமல் பார்த்தது பெரிய டிரம் அடித்தவரைத்தான். டிரம்மைத் தோளில் மாட்டி, அதன் தலையில் ஒரு சிறிய சிம்பல் தட்டைப் பொருத்தியிருந்தார்; வலக்கையில் பஞ்சுத் தலை வைத்த கோல், இடக்கையில் சட்டை மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த ஒரு கொக்கி. அந்தக் கம்பிதான் தட்டைச் சிணுங்க வைத்தது. பக்கத்தில் இன்னொருவர் ஸ்நேர் என்னும் சின்ன டிரம்மை அடித்தார். இன்று ஒரே ஆள் உட்கார்ந்து அடிக்கும் டிரம் செட், இப்படி இரண்டு மூன்று பேர் நடந்துகொண்டே பங்கிட்டுச் செய்த வேலையை ஒருவர் கையிலும் காலிலும் சேர்த்ததால் வந்தது. நம்மூர் ஜமாப் மேளக் குழுவில் அடி போட்டுக்கொண்டே அடிப்பவர்களைக் கவனித்தவர்களுக்கு, நடை தாளத்தை எப்படி மாற்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே சாவு ஊர்வலத்தில், இடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் மெதுவான துதிப்பாடல்கள்தான். ஸ்நேரின் அடித்தோலில் அதிரும் கம்பிச் சரத்தைத் தளர்த்தியோ, இடையில் கைக்குட்டையைச் செருகியோ ஓசையை மழுங்கடித்துவிடுவார்கள். உடலை ஒப்படைத்துத் திரும்பும்போது சரத்தை முறுக்கிக் கட்டி, டிரம் ஒரு முறை உருண்டதும் ஊரே ஆடத் தொடங்கும். இங்கே வைக்கோலைக் கொளுத்திப் பறையின் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் தீயில் காட்டும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு, தோலின் இறுக்கத்திலேயே சடங்கின் பாதி இருக்கிறது என்பது தெரியும்.

ஒப்புமை இவ்வளவோடு நிற்கிறது. அங்கே சாவுக்கு வாசித்தவரின் பேரன், தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் மேடை ஏறுகிறான். இங்கே சாவுக்குப் பறை அடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கட்டாய வேலையாக இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கியவரின் மகன் அந்தக் கருவியைத் தொட மறுத்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மரபு அழிகிறதே என்று வருந்திக் கட்டுரை எழுதுபவர்கள், யார் தலையில் அந்த மரபு ஏறி உட்கார்ந்திருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

அதற்காக நியூ ஆர்லியன்ஸ் தன் கலைஞர்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். கறுப்பின மக்களின் கடைத்தெருவான கிளெய்போர்ன் அவென்யூவில் வரிசையாக நின்ற ஓக் மரங்களை 1966இல் வெட்டி, பிறகு நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் கட்டினார்கள். ஊர்வலங்கள் இன்றும் அந்தப் பாலத்தடியில் போகின்றன. கான்கிரீட்டில் மோதித் திரும்பும் ஓசைக்காகவே அங்கே பேண்டு வேகம் கூட்டும். 2007 அக்டோபரில், கெர்வின் ஜேம்ஸ் என்ற, டியூபா என்னும் பெரிய ஊதுகருவி வாசித்த கலைஞர் இறந்ததற்காக டிரெமே பகுதியில் வாசித்தபடி நடந்தவர்களைக் காவல்துறை மறித்து, இரண்டு கலைஞர்களைக் கைது செய்தது. அனுமதி வாங்கவில்லையாம். 2005இன் கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்த கலைஞர்களுக்காக 72 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு கட்டப்பட்டது உண்மைதான். சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகை வீடுகள் பெருகியதால் அவர்களின் பழைய தெருக்களில் வாடகை எட்டாத உயரத்துக்குப் போனதும் உண்மைதான்.

1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் என்னும் ஜாஸ் அரங்கில் குடிக்க ஒன்றும் தரமாட்டார்கள். மர பெஞ்சிலோ தரையிலோ உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. ஃபிரெஞ்ச்மென் தெருவில் கதவுக்குக் கதவு இசை வழிகிறது. வாசிப்பவர்களில் பலரும் வாளியில் விழும் காசை நம்பியே வாசிக்கிறார்கள். ஆயினும் அந்த ஊரை இன்றுவரை காப்பாற்றியிருப்பவை இந்த அரங்குகளைவிடப் பிள்ளைகளின் பேண்டுகளே என்பேன். 1970 வாக்கில் டானி பார்க்கர் என்ற முதியவர் ஒரு தேவாலயத்தில் சிறுவர்களைச் சேர்த்து அமைத்த பேண்டிலிருந்து வளர்ந்தவர்கள்தான், 1977இல் டர்ட்டி டஜன் பேண்டு உருவானபோது அதில் இருந்தார்கள். பிறகு ரீபர்த் பேண்டின் டிரம் கலைஞர் டெரிக் டாப், பள்ளி முடிந்ததும் பிள்ளைகளுக்கு இசையோடு பாடமும் சொல்லித் தந்து, சாப்பாடும் போடும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மேலே சொன்ன கைதில் இருந்த இருவரில் அவரும் ஒருவர்.

கோவையில் நேரடி இசை என்றால், ஓட்டலில் கிட்டாரோடு திரைப்பாட்டுப் பாடும் இளைஞரும், கடைத் திறப்பு விழாவுக்குப் பாலக்காட்டிலிருந்து வரவழைக்கப்படும் செண்டையும் என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. அவர்கள் ஜமாப்பையும் கும்மியையும் கணக்கில் எடுப்பதில்லை. தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன், பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மி கற்றுக்கொடுத்தவர். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நிமிர்வு கலையகம் போன்ற அமைப்புகள் சாதி பாராமல் பறை பயிற்றுவிக்கின்றன.

என் தங்கை மகளும் ஞாயிறுதோறும் பறை பழகப் போகிறாள். "சாவுக்கு அடிக்கறத நம்மூட்டுப் புள்ள அடிக்கலாமா கண்ணு?" என்று என் அம்மா கேட்டதற்கு, "சாவுக்குந்தான் அடிப்பேன் அம்மிச்சி, காசு பேசிக்கிட்டு அடிப்பேன்" என்றாள். அம்மாவுக்கு இன்னும் அதில் உடன்பாடில்லை. அவள் குழு இப்போதெல்லாம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே, வண்டிச் செலவும் சாப்பாடும் தனி என்றும், சாப்பாடு பந்தியில்தான் என்றும் எழுதி வாங்கிக்கொள்கிறது.