தோளில் தூங்கி, படுக்கையில் விழிப்பவள்

எங்கள் குட்டியைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படுக்கையில் கிடத்துவேன். கொஞ்ச நேரத்தில் வீல் என்று அழுகை. பசியா, வயிற்றுவலியா? பல நேரம் இரண்டும் இல்லை. கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 50 நிமிடம்தான். முடியும்போது லேசாக விழிப்புத் தட்டுவது இயல்பு. கண் மூடும்போது இருந்த தோள் இப்போது இல்லையே, அதுதான் புகார்!

இப்போதெல்லாம் கண் சொக்கும்போதே படுக்கையில் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுகிறேன். அறையும் இருட்டுதான், வெளிச்சம் தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். என் கைப்பேசி வெளிச்சமும் இதில் சேர்த்தி. அழவிட்டுப் பழக்கு என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அப்புறம், காய்ச்சல் நாட்களில் இந்தச் சட்டமெல்லாம் ரத்து.