பூச்சிக்குக் கீழே ஒரு சீட்டு

அருங்காட்சியகப் பூச்சிகள் என்றால் முன்பெல்லாம் எனக்கும் கண்ணாடிக்குள் சிறகு விரித்து நிற்கும் பட்டாம்பூச்சிதான் ஞாபகம் வரும். இப்போது எந்த மாதிரியின் படத்தைப் பார்த்தாலும் கண் நேராகப் பூச்சிக்குக் கீழே போகிறது. அங்கே அதே ஊசியில் நகத்தளவு காகிதச் சீட்டு ஒன்று குத்தியிருக்கும், சிலதில் இரண்டு மூன்று. அதைப் படித்துவிட்டுத்தான் பூச்சியைப் பார்க்கிறேன்.

இந்தப் பழக்கம் வந்தது நோட்ஸ் ஃப்ரம் நேச்சர் என்ற இணையத் திட்டத்தால். அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள மாதிரிகளைப் படமெடுத்துப் போடுகின்றன, என்னைப் போன்ற தன்னார்வலர்கள் லேபிளில் இருப்பதைப் படித்துத் தட்டச்சு செய்கிறோம். ஒரே லேபிளைப் பலர் தனித்தனியாகப் படிப்பதால் ஒருவர் தவறவிட்டாலும் இன்னொருவர் பிடித்துவிடுவார். கேட்பதற்குச் சலிப்பான வேலை போலத் தெரியும். ஆனால் உட்கார்ந்தால் இரவு பன்னிரண்டு மணி ஆவது தெரிவதில்லை.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தேதி 12.vii.1934 என்று இருந்தது. நாளும் மாதமும் குழம்பக் கூடாது என்பதற்காக மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பூச்சியியலாளர்களின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெயருக்கு முன்னால் 'லெக்.' என்று இருந்தால் அவர் பிடித்தவர், 'டெட்.' என்று இருந்தால் இது இன்ன இனம் என்று சொன்னவர். இரண்டுக்கும் நடுவே அறுபது எழுபது வருட இடைவெளிகூட இருக்கும். ஒருவர் பிடித்து ஊசி குத்தி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார், அவர் அதைப் பிடித்தபோது பிறக்கவே இல்லாத இன்னொருவர் அந்த இழுப்பறையைத் திறந்து அதற்குப் பெயர் சொல்லியிருப்பார். ஒரு இனத்தை முதன்முதலாக விவரிக்க எந்த மாதிரியை ஆதாரமாக வைத்தார்களோ அதற்கு வகை மாதிரி என்று பெயர். அதில் சிவப்புச் சீட்டு இருக்கும், அதைத் தொட்டாலே கை நடுங்கும் என்று நினைக்கிறேன். என் திரையில் சிவப்பு வந்தாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஊசி குத்துவதற்கும் முறை இருக்கிறது. வண்டு என்றால் வலப்பக்க முன்சிறகின் வழியாகக் குத்த வேண்டும், நடுவில் குத்தக் கூடாது. அப்போதுதான் நடுக்கோட்டில் இருக்கும் அடையாளங்கள் கெடாது, இடப்பக்கம் முழுசாக மிஞ்சும். பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில். ஊசி தாங்காத பொடிப் பூச்சிகளை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, அட்டையில் ஊசி குத்துவார்கள். சிலந்தி, தேள் எல்லாம் காய்ந்தால் சுருங்கிவிடும், அதனால் அவை ஆல்கஹால் குப்பியில், சீட்டும் அவற்றோடு சேர்ந்து திரவத்துக்குள்ளேயே.

சரி, இந்தச் சீட்டில் அப்படி என்ன இருக்கிறது? எங்கே, எப்போது, யார். அவ்வளவுதான். ஆனால் அது இல்லாத பூச்சி வெறும் அலங்காரப் பொருள்.

இதைப் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1852-லேயே சொன்னார். அமேசானில் நான்கு வருடம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது கப்பல் தீப்பிடித்து அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி கடலோடு போனது. அந்த வருடக் கடைசியிலேயே அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அருங்காட்சியகங்களில் 'பிரேசில்', 'பெரு' என்று போகிற போக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆற்றின் எந்தக் கரை என்றுகூட இல்லை என்பது அதில் அவருடைய குறை. ஒரு கரையில் இருக்கும் இனம் எதிர்க்கரையில் இல்லை என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பிறகு 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அவர் சேர்த்தது 1,25,660 மாதிரிகள், அதில் 83,000-க்கு மேல் வண்டுகள். எந்தத் தீவு என்பதைக் கவனமாகக் குறித்து வைத்த மனிதர்தான் பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே விலங்குலகம் மாறுகிறது என்று கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சின்ன வயதில் நானும் ஒரு காலணிப் பெட்டி நிறைய வண்டு சேர்த்தேன். ஒன்றுக்கும் சீட்டு கிடையாது. சில வருடம் கழித்துத் திறந்தால் கால்கள் தனியாக, சிறகுகள் தனியாக, அடியில் பழுப்புத் தூள். தின்றது அருங்காட்சியக வண்டின் புழு, அந்த்ரீனஸ் பேரினம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும் வண்டுக்குப் பிறக்கும் மயிர் அடர்ந்த புழு. பெரிய அருங்காட்சியகங்களே இதற்குப் பயப்படுகின்றன. முன்பு இழுப்பறைதோறும் அந்துருண்டை வைத்தார்கள், அது மனிதர்களுக்கு நல்லதல்ல என்பதால் இப்போது புதிதாக வரும் பெட்டியை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம்போல் உறைய வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வண்டை எலும்புக்கூடுகளில் ஒட்டியிருக்கும் சதையைச் சுத்தம் செய்ய அருங்காட்சியகங்களே வளர்க்கின்றன என்பது தனிக்கதை.

பூச்சியைக் கொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. என் பெட்டியில் இருந்தவை வீணாகச் செத்தவை, அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோ மணல்மேடுகளில் இருந்த செர்சஸ் நீலப் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரம் வளர்ந்து மேடுகள் போய், 1940-களின் தொடக்கத்தோடு அது அழிந்துவிட்டது. தனி இனமா, வேறொரு இனத்தின் ஒரு கூட்டமா என்ற சந்தேகம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருந்த, 93 வருடப் பழைய மாதிரி ஒன்றின் வயிற்றிலிருந்து துளி எடுத்து மரபணுவைப் படித்தார்கள். தனி இனம்தான் என்று 2021-ல் எழுதினார்கள். அதைப் பிடித்தவருக்கு மரபணு வரிசை என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. சீட்டை ஒழுங்காக எழுதினார், அது போதுமாக இருந்தது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் பூச்சிகளும் சிலந்தி வகைகளும் சுமார் 3 கோடியே 40 லட்சம். இதில் கணினிக்கு வந்திருப்பது சிறு பங்குதான். அவசரம் ஏன் என்று கேட்டால் 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவைத்தான் சொல்வேன். ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது, சுமார் 50 லட்சம் பூச்சிகள் இருந்த சேகரிப்பின் பெரும்பகுதி சாம்பலானது, வகை மாதிரிகளும் சேர்ந்து. வேறு நிறுவனங்களுக்கு ஆய்வுக்காக இரவல் போயிருந்தவை தப்பின. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குக் கட்டடம் தோன்றவில்லை, படிக்கப்படாமல் போன சீட்டுகள்தான் தோன்றின.

நேற்று ஒரு ஈ வந்தது. இடம் தெளிவு, 3.viii. வரைக்கும் தெளிவு, வருடத்தின் கடைசி எண் மட்டும் ஊசித் துளையில் போய்விட்டது. 1 மாதிரியும் இருக்கிறது, 7 மாதிரியும் இருக்கிறது. அதே ஆளின் கையெழுத்து உள்ள மற்ற சீட்டுகளில் அவர் 7-க்கு நடுவில் கோடு போடுவாரா என்று இன்று உட்கார்ந்து தேடப் போகிறேன்.